காலி நிலம், புது வீடு, பழைய கோயில்: கேட்டோ மேனரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கேட்டோ மேனர் பக்கம் புதிதாக வீட்டுத் திட்டம் வருகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், நம்மவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். அன்னதானப் பந்தியில் கேட்பார்கள், துக்க வீட்டில் கேட்பார்கள், கல்யாண மண்டப வாசலில் காரை எடுக்கும்போது நிறுத்திக் கேட்பார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. கோயில் கமிட்டிக்காக இந்தக் காகிதங்களைப் படித்துப் படித்துப் பழகியவன், அவ்வளவுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், வெருலம் பக்கத்து ஆட்களுக்கும் சட்டம் இதேதான்.

ஊருக்கு நடுவில் இவ்வளவு இடம் ஏன் தம்பி சும்மா கிடக்கிறது? யாருக்கும் வேண்டாமா?

வேண்டாமென்று யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை, கிளப்பிவிட்டார்கள். 1845இல் ஜார்ஜ் கேட்டோவுக்குக் கொடுக்கப்பட்ட நிலம் இது. டர்பனின் முதல் மேயர் ஆனவர் அவர். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த நம் முன்னோர்கள் 1900களின் தொடக்கத்திலிருந்து இங்கே நிலம் வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் காய்கறி போட்டார்கள். நகரத்தில் வேலைக்கு வந்த ஆப்பிரிக்கக் குடும்பங்கள் அவர்களிடம் இடம் வாடகைக்கு எடுத்துக் குடிசை போட்டார்கள். உம்குபானே ஓடைப் பக்கம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள் இருந்த காலம் உண்டு. 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் டர்பனில் 142 பேர் செத்தார்கள். அந்தக் கசப்பு இரண்டு பக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

1958 ஜூனில், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி இதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், நம்மவர்கள் சாட்ஸ்வர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் போக வேண்டியதாயிற்று. வீடுகளை இடித்தார்கள், பல கோயில்களை மட்டும் விட்டுவைத்தார்கள். வெள்ளையர்களும் பெரிதாக வந்து குடியேறவில்லை. ஏறக்குறைய 20 வருடம் புதர்தான் வளர்ந்தது. 1979இல் மிச்சமிருந்த குடும்பங்கள் சங்கம் வைத்துப் போராடின, அதன்பின் ஒரு பகுதி இந்தியர் குடியிருப்புக்குத் திரும்பியது. 1990களின் தொடக்கத்தில் குடிசைகள் மறுபடி வந்தன. 1993இல் கேட்டோ மேனர் வளர்ச்சிச் சங்கம் ஏற்பட்டது. சாலை, பள்ளி, வீடு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

சரி, இப்போதாவது முழுக்க வீடு கட்டிவிடலாமே? நகரத்திலிருந்து 7 கிலோமீட்டர்தானே?

அதனால்தான் எல்லாருக்கும் இந்த நிலத்தின் மேல் கண். ஆனால் இங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதியளவு செங்குத்துச் சரிவும் ஓடைப் பள்ளமும்தான். அதில் வீடு கட்டினால் மழை வந்து எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் மருத்துவமனை, பள்ளி, சாலைக்குப் போக இருப்பதுதான் வீட்டுக்கு. அந்த இடத்தை நெருக்கமாக, மாடி மாடியாகக் கட்டினால்தான் சரிவையும் கோயிலையும் விட்டுவைக்க முடியும். தனித்தனி வீடு, சுற்றிலும் முற்றம் என்று ஆசைப்பட்டால் முதலில் போவது ஓடைக்கரைதான்.

யார் அனுமதி கொடுக்கிறார்கள்? ஒரே ஆபீஸா?

ஒரே ஆபீஸாக இருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவது டர்பனின் நகராட்சியான எதெக்வினி. அதற்கான தேசியச் சட்டம் 2013இல் வந்தது. சுற்றுச்சூழல் அனுமதி பெரும்பாலும் குவாசூலு-நடால் மாகாணத்தின் பொருளாதார வளர்ச்சி, சுற்றுலா, சுற்றுச்சூழல் துறையிடமிருந்து. பழைய கட்டடம், சமாதி, கோயில் விஷயம் மாகாணத்தின் மரபு அமைப்பான அமாஃபாவிடம். அவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறார்கள். ஓடையைத் தொட்டால் தண்ணீர்த் துறை. காட்டு மரத்தை வெட்ட வனச் சட்டத்தின் கீழ் தனி உரிமம்.

ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைக்காது. ‘நகராட்சி பாஸ் பண்ணிவிட்டது’ என்று யாராவது சொன்னால், எந்த அனுமதி, எந்தத் தேதி, என்ன எண் என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே திணறிவிடுவார்கள்.

அண்ணா, 60 வருஷக் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

1999ஆம் ஆண்டின் தேசிய மரபுச் செல்வச் சட்டம், எண் 25. 60 வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. எங்கள் மாகாணத்துக்கு 2018இல் வந்த அமாஃபா சட்டமும் அதையே சொல்கிறது. கட்டடம் அழகாக இருக்க வேண்டும், பிரபலமானவர் வாழ்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் கிடையாது. தப்பிப் பிழைத்த தகர வீடு ஒன்று, மரச்சட்டமும் துருப்பிடித்த தகரமுமாக நின்றாலும் வயது இருந்தால் கணக்கில் வரும்.

இதில் ஒரு வேடிக்கை. 60 வருடம் என்பது நகர்ந்துகொண்டே போகும் கணக்கு. சாட்ஸ்வர்த்தில் 1960களின் தொடக்கத்தில் எழும்பிய வரிசை வீடுகளுக்கும் இப்போது வயது வந்துவிட்டது. நம்மைத் துரத்திக் கொண்டுபோய் அடைத்த வீடும் மரபுச் செல்வம் ஆகிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஆனால் சட்டம் சரிதான்.

வீடு இடிந்து அடித்தளம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று படிக்கட்டு, ஒரு மாமரம். அதற்கு மதிப்பு உண்டா?

படிக்கட்டுக்கும் அடித்தளத்துக்கும் உண்டு, ஆனால் யாராவது பதிவு செய்தால்தான். அதற்கு வழி மரபு ஆய்வு. திட்டம் 5,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தின் தன்மையை மாற்றினாலோ, 10,000 சதுர மீட்டருக்கு மேல் மறுவகைப்படுத்தினாலோ, 300 மீட்டருக்கு மேல் நீளமான சாலையோ குழாயோ போட்டாலோ, தொடங்கும் முன்பே மரபு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் நிபுணர் வந்து ஆய்வு எழுதுவார். எழுதுகிறவருக்கு உங்கள் படிக்கட்டு தெரியாது. காட்டிக்கொடுக்க வேண்டியது நீங்கள்.

மாமரத்துக்கு மரபுச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆனாலும் நான் மாமரத்தைத்தான் முதலில் தேடுவேன். புதருக்குள் மாமரமும் பக்கத்தில் கறிவேப்பிலைத் தூரும் வரிசை மாறாமல் நின்றால், அங்கே ஒரு முற்றம் இருந்திருக்கிறது. மண்ணைக் கொஞ்சம் கிளறினால் நீல ஓரம் போட்ட எனாமல் தட்டின் துண்டு கிடைக்கும். பெயர்த்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம் போடும் கட்டத்திலேயே சொன்னால் அந்த மரத்தைச் சுற்றிக் குழந்தைகள் விளையாடும் இடம் விட முடியும். கான்கிரீட் ஊற்றியபிறகு யாராலும் முடியாது.

நம் கோயில் மதிலை ஒட்டி நாலு மாடி வந்தால் கோயில் என்ன ஆகும்?

பெல்லேர் ரோட்டில், இப்போது வூசி ம்சிமேலா ரோடு, இருக்கும் உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். செகண்ட் ரிவர் கோயில் என்றால் எல்லாருக்கும் தெரியும். முதலில் 1870களில் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்தது, வெள்ளத்தில் போனது, இப்போதைய கோயில் 1947இல் வந்தது. பழைய கோயிலிலிருந்து காப்பாற்றிய கதவு இன்னும் இருக்கிறது. ஈஸ்டர் சமயத்தில் தீமிதிக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோயில் அது. அப்படிப்பட்ட இடத்துக்குச் சட்டத்தில் மற்றக் கட்டடங்களைவிடக் கூடுதல் பாதுகாப்பு உண்டு.

உங்கள் கோயில் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் மரபுச் செல்வச் சட்டம் ‘வாழும் மரபு’ ஒட்டியிருக்கும் இடங்களையும் மரபு என்றே சேர்க்கிறது. மதிலும் கோபுரமும் மட்டும் கோயில் இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள். காவடி எந்த ஓடைக்கரையில் கட்டிக் கிளம்புகிறது, எந்தப் பாதையில் வருகிறது, தீக்குழிக்கு எவ்வளவு இடம் வேண்டும், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அண்டாக்கள் எங்கே நிற்கும், வண்டிகள் எங்கே நிற்கும், ராத்திரி எத்தனை மணிவரை தவில் அடிக்கும். புதிதாகக் குடிவருகிறவர் முதல் திருவிழாவிலேயே சத்தம் என்று போலீஸைக் கூப்பிட்டால் தப்பு அவருடையது இல்லை. அங்கே கோயில் இருக்கிறது, இப்படி விழா நடக்கும் என்று திட்டத்திலேயே எழுதாதவர் தப்பு. உயரமான கட்டடத்தை மேட்டுப் பக்கம் தள்ளி, கோயிலுக்கும் ஓடைக்கும் நடுவில் பொதுப் பாதை விடச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள். கேட்காமல் யாரும் செய்ததில்லை.

எங்கள் பாட்டனார் சமாதி அந்தப் புதருக்குள் எங்கேயோ இருக்கிறது என்று அம்மா சொல்வார்கள். புல்டோசர் ஏறிவிடுமா?

60 வருடத்துக்கு மேல் ஆன, நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் சமாதியை அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. அனுமதி கேட்கிறவர் முதலில் அந்தச் சமாதியோடு தொடர்புள்ள குடும்பங்களையும் சமூகத்தையும் தேடிப் பேச முயன்றிருக்க வேண்டும். வேலை நடக்கும்போது எலும்போ கல்லோ கிடைத்தால் உடனே நிறுத்திவிட்டு மரபு அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், போலீஸும் அதில் வருவார்கள்.

அம்மாவை ஒரு தடவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். ‘மாமரத்துக்குக் கீழே, கிணற்றுக்கு இந்தப் பக்கம்’ என்று சொல்வதை அப்படியே போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் வயதில் உள்ளவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் லண்டானாவும் முள்ளும்தான். அதில் என்ன பெரிய வனவிலங்கு இருக்கிறது?

இந்தக் கேள்வியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சுற்றுச்சூழல் சட்டத்தில் ‘உள்நாட்டுத் தாவரங்கள்’ என்றால், வெளிநாட்டுக் களை எவ்வளவு மண்டியிருந்தாலும் சரி, இயற்கையாக வளர்ந்த உள்நாட்டுச் செடிகள் இருந்து, கடந்த 10 வருடத்தில் மேல்மண் சட்டப்படி கிளறப்படாமல் இருந்தால் அது கணக்கில் வரும். கேட்டோ மேனரில் 30 வருடமாகக் கிடக்கும் சரிவு ஒன்று பார்க்கக் களைக்காடாக இருக்கும். விதிப்படி அது உள்நாட்டுத் தாவரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

1 ஹெக்டேர் முதல் 20 ஹெக்டேருக்குள் அதை வெட்டினால் அடிப்படைச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும். 20 ஹெக்டேரோ அதற்கு மேலோ என்றால் முழு ஆய்வு. அதனால்தான் சில பேர் 0.9 ஹெக்டேர், 0.9 ஹெக்டேராகத் துண்டு போடுகிறார்கள். ஒரே திட்டத்தின் பல கட்டங்கள் என்று தெரிந்தால் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் ‘கட்டம் 1’ என்று இருந்தால் கட்டம் 2 எங்கே என்று கேளுங்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? பாம்பா?

பாம்பும் இருக்கிறது, கருப்பு மாம்பாவே டர்பனின் பள்ளத்தாக்குகளில் உண்டு. குரங்குகளை உங்களுக்குத் தெரியும், சமையலறைக்குள்ளேயே வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது விரல் நீளமே உள்ள ஒன்று: கறுப்புத் தலைக் குள்ளப் பச்சோந்தி. டர்பனைச் சுற்றியும் இந்த மாகாணத்திலும்தான் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இல்லை. முட்டையிடாது, குட்டி போடும். பகலில் தேடினால் கண்ணில் படாது. ராத்திரி டார்ச் லைட்டைப் புதரின் ஓரமாக அடியுங்கள். தூங்கும்போது நிறம் வெளுத்துவிடும். புல்லின் நுனியில், குச்சியின் முனையில் வெள்ளையாகச் சுருண்டு தொங்கும். நான்கு காலும் குச்சியைப் பிடித்திருக்கும், வால் சுருட்டிய சாமந்தி மொட்டு மாதிரி இருக்கும். புதர் வெட்டும் மெஷின் ஓடினால் நகர்ந்து தப்பிக்க அதற்குக் கால் போதாது.

சின்ன இடத்தால் என்ன லாபம் என்பவர்களுக்கு: கிளென்வுட்டில் பிஜன் வேலி என்றொரு காடு, 10 ஹெக்டேர் சொச்சம்தான். குளிர்காலத்தில் புள்ளித் தரைப்பாடி என்ற அரிய பறவை அங்கே வரும், அதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். வெறும் புல்வெளியைக் கண்டு ஏமாறாதீர்கள். டர்பனைச் சுற்றியுள்ள மணற்கல் புல்வெளிதான் காட்டைவிட வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது, மரம் இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை.

டிமாஸ், டிமாஸ் என்கிறார்களே, அதில் என் நிலம் இருந்தால் நான் கட்டவே முடியாதா?

டிமாஸ் என்பது டர்பன் நகரத்தின் திறந்தவெளி அமைப்பு. ஆறு, ஈரநிலம், காடு, புல்வெளி எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பு விட்டுப்போகாமல் இணைத்த வரைபடம். 1980களில் ஆரம்பித்தது, இப்போது 70,000 ஹெக்டேருக்கு மேல். அதில் தனியார் நிலமும் உண்டு. உங்கள் நிலம் அதற்குள் வந்தால் நகராட்சிக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கட்டும் முன் நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவு பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். சில இடத்தில் ஒரு மூலையில் கட்டச் சொல்வார்கள், சில இடத்தில் முடியாது என்பார்கள். வாங்கும் முன்பு வரைபடத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கோயிலில் மாரியம்மன் பூசைக்கு இலை பறிக்கும் மலைவேம்பை வெட்டச் சொல்கிறார்களே, இது நியாயமா?

வேப்பிலை கிடைக்காத ஊரில் மலைவேம்பு இலையை அம்மனுக்கு எடுத்துக்கொண்டோம். இந்த ஊர்க்காரர்கள் சிரிங்கா என்பார்கள். அது படையெடுக்கும் வெளிநாட்டு மரம் என்று பட்டியலில் இருக்கிறது. நகர்ப்பகுதியில் மூன்றாம் வகை. அதாவது இருக்கும் மரம் இருக்கலாம். புதிதாக நடக்கூடாது, கன்று விற்கக்கூடாது, பரப்பக்கூடாது. ஆனால் ஓடைக்கரையில் நின்றால் கடுமையான வகையாக எடுத்துக்கொண்டு அப்புறப்படுத்தச் சொல்வார்கள்.

ஆக, கோயில் முற்றத்து மரத்தை வெட்டு என்று ஒருவர் சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். ஆற்றோரம் தானாக முளைத்த கூட்டத்தை வெட்டினால் சண்டை போடாதீர்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். விழா முடிந்ததும் காய்ந்த காய்க்கொத்துகளை ஓடையில் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஓடைக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும்? என் மச்சான் 10 மீட்டர் போதும் என்கிறான்.

மச்சானுக்கு 32 மீட்டர் என்று சொல்லுங்கள். ஓடைக்கு 32 மீட்டருக்குள் 100 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டுவது சுற்றுச்சூழல் அனுமதி வேண்டிய வேலைகளின் பட்டியலில் வருகிறது. ஏற்கெனவே கட்டடங்கள் உள்ள நகர்ப் பகுதியில் சில விலக்குகள் உண்டு. ஓடைக்குள் 10 கன மீட்டருக்கு மேல் மண் கொட்டினாலும் தோண்டினாலும் அதே பட்டியல்தான். இது தவிர 100 வருடத்தில் ஒருமுறை வரும் வெள்ளத்தின் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறித் தோட்டக்காரக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனது. மாரிமுத்து படவட்டனும் அவரோடு சேர்ந்த ஐந்து மீனவர்களும் படகை ஓட்டி 176 பேரை மீட்டார்கள். அதே தாழ்நிலத்தில் மறுபடி குடிசை எழுந்து, 1976இல் மறுபடி வெள்ளம் வந்தது. டின் டவுன் என்ற அந்தக் குடிசைப் பகுதி ஆட்கள் ஃபீனிக்ஸுக்குப் போனது அப்படித்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, 400 பேருக்கு மேல் போனார்கள். ஓடைக்கரையை விட்டுவைப்பது தவளைக்காக என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்று வருடங்களை நினைத்துக்கொள்ளட்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், ஏழைகள் வீடு பக்கத்தில் வரக்கூடாது என்றுதானே இந்தப் பச்சோந்திக் கதை?

சில பேருக்கு அதுதான். எனக்குத் தெரியும். கூட்டத்தில் எழுந்து பறவைக்காக உருகுகிறவர், தன் வீட்டு நீச்சல் குளத்துக்காக அதே சரிவில் மண் தள்ளியதையும் பார்த்திருக்கிறோம். மானிய வீடு 40 சதுர மீட்டர், இரண்டு படுக்கையறை. மாதம் 3,500 ராண்டுக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு அது கிடைப்பதைத் தடுக்க மரபையும் விலங்கையும் சாக்காக வைக்கிறவர்களோடு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அதற்காகக் கேள்வி கேட்காமலும் இருக்க முடியாது. வெள்ளக் கோட்டுக்குள் மட்டமான வீட்டைக் கட்டித் தலையில் கட்டுவதும் ஏழைக்குச் செய்யும் துரோகம்தான். ஆட்சேபம் எழுதும்போது ‘கட்டாதே’ என்று முடிக்காமல், ‘இந்த மேட்டில் மாடி வைத்து இத்தனை வீடு கட்டு, இந்தப் பள்ளத்தை விடு’ என்று எழுதுங்கள். உங்கள் மனசில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். அப்புறம், மரபு என்றால் நம் கோயில் மட்டும் என்று பேசாதீர்கள். உம்குபானேவில் வாழ்ந்து துரத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கும் அதே மண்தான் பிறந்த வீடு. மறைந்த ஜூலு மன்னர் ஸ்வெலிதினியின் தாயாரின் சமாதியும் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கின்றன.

அங்கே இருந்த நிலம் எங்கள் தாத்தாவுடையது. இனிமேல் கேட்க முடியுமா?

நிலம் மீட்புச் சட்டம் 1994இல் வந்தது. 1913 ஜூன் 19க்குப் பிறகு நிறவெறிச் சட்டங்களால் பறிக்கப்பட்ட நிலத்துக்கு உரிமை கோரலாம், ஆனால் கடைசித் தேதி 1998 டிசம்பர் 31. 2014இல் மறுபடி திறந்தார்கள். 2016 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. இடையில் போட்ட விண்ணப்பங்கள் வரிசையில் நிற்கின்றன, பழையவை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் முதலில் வீட்டில் தேடுங்கள்: சித்தப்பாவோ அத்தையோ 1998க்குள் போட்டிருக்கலாம்.

நிலமாகவே கிடைக்குமா என்றால், பொதுநலன் கருதித் திருப்பித் தர வேண்டாம் என்று உத்தரவிட அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. கேட்டோ மேனரில் அந்தப் பிரிவு பெரிய சண்டையாகவே நடந்தது. பலர் பணமாக வாங்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் சிலருக்கு அந்தக் காசை எண்ணும்போது இருந்த கோபம் பேரப்பிள்ளைகள்வரை வந்திருக்கிறது. உரிமை கோரிக்கை நிலுவையில் உள்ள நிலத்தில் வேலை தொடங்குவதானால் நில உரிமை ஆணையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஏற்கெனவே குடிசை போட்டிருப்பவர்களை என்ன செய்வார்கள்?

நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றவோ வீட்டை இடிக்கவோ கூடாது. அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவும் 1998இன் 19ஆம் எண் சட்டமும் அதைத்தான் சொல்கின்றன. துரத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த நாம் இதில் மாற்றிப் பேசினால் நன்றாக இருக்காது.

கருத்துச் சொல்ல 30 நாள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நான் என்ன எழுதுவது? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது.

முதலில் அக்கறையுள்ள தரப்பாகப் பெயரைப் பதிவு செய்யுங்கள். அது செய்யாவிட்டால் பிறகு வரும் அறிக்கையோ முடிவோ உங்களுக்கு வந்துசேராது. தேதி தெரியும்படி போர்டை அன்றைய நாளிதழோடு சேர்த்துப் படம் எடுத்துவையுங்கள். கடிதத்தில் எர்ஃப் எண் (மனையின் பதிவு எண்), திட்டத்தின் பெயர், உங்கள் இடம் எவ்வளவு தூரம், என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதியில், அதற்கு என்ன வேண்டும். இவ்வளவு போதும். ஒரு பக்கம். 40 பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்ட காகிதத்தைவிட 4 பேர் தாங்கள் கண்டதை எழுதிய 4 கடிதங்களுக்கு எடை அதிகம். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள், கோயில் பிள்ளைகள் யாராவது எழுதிக்கொடுப்பார்கள். வாய்ப்பேச்சாகக் கூட்டத்தில் சொன்னாலும் குறிப்பில் ஏறியதா என்று கேட்டு வாங்குங்கள்.

அனுமதியே இல்லாமல் சனிக்கிழமை புல்டோசர் வந்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது?

சனிக்கிழமைதான் வரும், ஆபீஸ்கள் பூட்டியிருக்கும் என்று தெரிந்தே. சண்டைக்குப் போகாதீர்கள். வண்டி எண், ஒப்பந்தக்காரர் பெயர்ப்பலகை, எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டியது என்று படம் எடுங்கள், நேரத்தோடு. நகராட்சியின் சட்ட அமலாக்கப் பிரிவுக்கும் மாகாணச் சுற்றுச்சூழல் துறைக்கும் மின்னஞ்சல், பழைய கட்டடமோ சமாதியோ என்றால் அமாஃபாவுக்கும். அனுமதிச் சீட்டு இல்லாமல் பழைய கட்டடத்தை இடிப்பது குற்றம், போலீஸில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கலாம்.

சுற்றுச்சூழல் சட்டத்தில் ‘24ஜி’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அனுமதியில்லாமல் தொடங்கியவர் பிறகு அபராதம் கட்டி அனுமதி கேட்கலாம். சில பேர் அதை முன்கூட்டியே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பிரிவைப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அந்த விண்ணப்பத்துக்கும் கருத்துச் சொல்லும் காலம் உண்டு, உங்கள் சனிக்கிழமைப் படங்கள் அங்கே வேலைசெய்யும்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாதா?

முடிவு தெரிந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் மேல்முறையீடு போடலாம். போட்டால் அது தீரும்வரை சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்படும். நகராட்சியின் திட்ட முடிவுக்குத் தனியாக 21 நாள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேதியைத் தவறவிடுகிறார்கள்.

மேல்முறையீடு வேண்டாம் என்றாலும் அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள், நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். வெட்டும் முன் செடிகளையும் பச்சோந்திகளையும் நடந்து தேடி எடுத்து மாற்ற வேண்டும், ஓடையோரம் வேலி போட வேண்டும், சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர் ஒருவர் தளத்துக்கு வந்து அறிக்கை எழுத வேண்டும் என்பது போல. அந்த அறிக்கைகளின் நகலை மாதா மாதம் கேளுங்கள். இரண்டு மாதம் கேட்டால் மூன்றாம் மாதம் அவர்களே அனுப்பிவைப்பார்கள்.